விழுங்கிய ‘ல’

வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் ராஜ வாழ்க்கை என்று எவனோ ஒருவன் ஊரெல்லாம் கிளப்பிவிட்டிருக்கிறான். அவன் மட்டும் கையில் கிடைத்தால், இந்த டயர் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, நம் ஆளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு என்று சொல்ல வேண்டும். புத்தி தன்னால் வந்துவிடும்.

நம் ஆளுக்கும் பெயர் என்று ஒன்று உண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து அது யாருக்கும் தேவைப்படவில்லை. பட்டறையின் சொந்தக்காரரான மனைவியின் அண்ணன் அவனை “மாப்ள” என்று கூப்பிட்டார். அதைக் கேட்டுக் கேட்டு லாரிக்காரர்கள், எதிர்க்கடைக்காரர், தபால்காரர் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிப்போனான். மாப்ள, ஜாக்கியை எடு. மாப்ள, டியூபைத் தண்ணியில் முக்கு. மாப்ள, இந்தா, கை கழுவிட்டுச் சாப்பிட வா.

மச்சான் கெட்டவர் இல்லை. வினையே அதுதான். கெட்டவராக இருந்தால் ஒரு நல்ல சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்ப்பதற்காகக் கல்யாணமே பண்ணிக்கொள்ளாத மனுஷன் அவர். “நீங்க ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி இருந்தாப் போதும்” என்று மாடி அறையைக் காலி செய்து கொடுத்தார். என்ன சட்டை போட வேண்டும், எந்த டாக்டரிடம் போக வேண்டும், மின்விசிறி எத்தனையில் ஓட வேண்டும் எல்லாம் அவரே முடிவு செய்வார். அத்தனையும் அன்பாகச் செய்வார். அன்பாகச் செய்கிறவரை என்னவென்று எதிர்த்துப் பேசுவது?

எதிர்த்துப் பேசுவது இருக்கட்டும், பேசி முடிப்பதே பெரும்பாடு. மச்சானுக்கு யார் பேச்சையும் கடைசி வரைக்கும் கேட்கும் பழக்கம் கிடையாது. மாடி அறைக்கு ஒரு பச்சை பெயிண்டை வாங்கிவந்து காட்டினார். பார்த்தாலே குமட்டுகிற பச்சை. “மச்சான், இந்தக் கலர் எனக்குப் பிடிக்க…” என்று ஆரம்பித்தான் மாப்பிள்ளை. “பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா?” என்று டப்பாவைத் திறந்துவிட்டார். இப்படியே பழகிப் பழகி, அவர் முன்னால் எந்தப் பேச்சையும் ஆரம்பித்து, கடைசியை மென்று விழுங்குவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. தமிழில் வேண்டும், வேண்டாம் எல்லாமே கடைசியில்தானே வருகிறது. அவன் விழுங்கியதெல்லாம் ‘வேண்டாம்’கள்தான்.

சரி, ஞாயிற்றுக்கிழமையாவது தப்பிக்கலாம் என்றால் அதுவும் இல்லை. மச்சான் கால்பந்து நடுவர். அந்த வட்டாரத்தில் அவருடைய விசிலுக்கு ஒரு மரியாதை இருந்தது. கல்யாணமான முதல் மாதமே மாப்பிள்ளையின் கையில் ஒரு கொடியைக் கொடுத்து எல்லைக்கோட்டில் துணை நடுவராக, அதாவது லைன்மேனாக, நிறுத்திவிட்டார். ஆனால் ஆச்சரியம் பாருங்கள், அந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போனது. கோட்டோரமாகப் பக்கவாட்டில் ஓடுவது, கடைசித் தடுப்பாட்டக்காரனோடு ஒட்டியே நகர்வது, பந்தை உதைக்கிற கணத்தில் யார் எங்கே நிற்கிறான் என்று கண்ணால் பிடித்து வைப்பது. வாயைத் திறக்காமல் கொடியாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். கொடிக்கு விழுங்குவதற்குக் கடைசி எழுத்து கிடையாது.

அந்தக் கொடிதான் ஒரு வழியையும் காட்டியது. வெளியூரில் கால்பந்துச் சங்கம் ஒரு பயிற்சி மையம் திறக்கிறது, துணை நடுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும், தங்குவதற்கு வீடும் உண்டு என்று செய்தி வந்தது. மாப்பிள்ளை யாருக்கும் சொல்லாமல் விண்ணப்பம் போட்டான். யாருக்கும் என்றால் மனைவியைத் தவிர. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு மதிப்பீட்டாளர் வந்து அவன் வேலையைப் பார்ப்பார், பிடித்திருந்தால் வேலை அவனுக்கு என்று பதில் வந்தது.

“தனி வீடுங்க” என்றாள் மனைவி. கீழே மச்சான் இருமுகிற சத்தம் கேட்டது. அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “நம்ம இஷ்டத்துக்கு எந்திரிக்கலாம், நம்ம இஷ்டத்துக்குச் சாப்பிடலாம். சண்டை போட்டாக்கூட வாய்விட்டுப் போடலாம். இத மட்டும் கோட்ட விட்டுடாதீங்க.”

“உங்க அண்ணன்கிட்ட யாரு சொல்றது?”

“மொதல்ல கெடைக்கட்டும். அப்பறம் நான் சொல்லிக்கிறேன்.”

அவள் அப்படிச் சொன்னது அவனுக்குப் பெரிய பலமாக இருந்தது. வீட்டில் அவனை அதட்டுகிற ஒரே ஆள் அவள்தான். அண்ணனிடமும் அப்படித்தான் பேசுவாள் என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கம் நடுவர்களுக்கு ரேடியோ கொடுத்தது. இடுப்பில் ஒரு பெட்டி, காதில் ஒரு குமிழ், நெஞ்சுக்கு நேராக ஒரு பட்டன். அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் கத்தினாலும் காதில் விழாது. மச்சானுக்கு அந்தக் கருவி முதல் நாளே பிடித்துப்போனது. யாரும் குறுக்கே பேச முடியாத ஒரு கருவி அவருக்குப் பிடிக்காமல் போகுமா?

அவர்கள் நான்கு பேர். நடுவில் மச்சான். ஒரு கோட்டில் மாப்பிள்ளை. எதிர்க்கோட்டில் கண்ணாடிக் கடைக்காரர். வெளியே, மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பக்கம் நான்காவது நடுவராக டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ரேடியோவில் எப்படிப் பேச வேண்டும் என்று ஒழுங்கு வைத்தது அந்த அம்மாள்தான்.

“பட்டன அமுக்கிட்டு ஒரு மூச்சு விடுங்க, அப்பறம் பேசுங்க. பேசி முடிச்சும் ஒரு மூச்சு விட்டுட்டுத்தான் கைய எடுக்கணும். இல்லன்னா தலையோ வாலோ அறுந்துடும். அப்பறம் இன்னொண்ணு. ‘இல்ல’ங்கிற வார்த்தையே ரேடியோல வரக் கூடாது.”

“அது ஏம்மா?” என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

“‘ஃபவுல் இல்ல’ன்னு நீங்க சொல்றீங்க. வால் அறுந்துட்டா அவருக்கு என்ன கேக்கும்? ஃபவுல்! போன மாசம் ஒரு பொண்ணுகிட்ட பிரேக்க மிதிக்காதன்னேன். அது பிரேக்க மட்டும் காதுல வாங்கிட்டு மிதிச்சிருச்சு. பின்னாடி வந்த பால் வண்டி எங்க டிக்கிக்குள்ள இருக்கு. அதனால தப்பு நடக்கலன்னா ‘ஆடட்டும்’. அவ்ளோதான். ஆடட்டும், ஆடட்டும், ஆடட்டும். சாரும் வேணாம், மச்சானும் வேணாம், ‘ங்க’வும் வேணாம். மரியாதைய எல்லாம் டிரெஸ்ஸிங் ரூம்லயே கழட்டி வெச்சுட்டு வாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு ‘ஆடட்டும், ஆடட்டும்’ என்று சொல்லிப் பார்த்தான். சுவரிடம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் மச்சானைப் பார்த்து, முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல், அதிகாரி மாதிரி ‘ஆடட்டும்’ என்று மொட்டையாக எப்படிச் சொல்வது? அவர் வீட்டுச் சோறு தொண்டையில் நிற்காதா?

கடைசி ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பி வழிந்தது. உள்ளூர் அணிக்கு நீலச் சட்டை, வந்த அணிக்கு மஞ்சள். ஆட்டம் சமனில் முடிந்தாலே கோப்பை மஞ்சளுக்கு. நீலம் ஜெயித்தாக வேண்டும். மதிப்பீட்டாளர் மேடையின் நடுவில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அவர் காதிலும் ஒரு குமிழ் இருந்தது. நால்வர் பேசுவதும் அவருக்குக் கேட்கும், அவரால் பேச முடியாது. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை தன் பட்டனை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். வேலை கிடைப்பதும் கெடுவதும் இனி அந்தக் குமிழுக்குள் போகிற வார்த்தையில்தான்.

ஆட்டம் முழுக்க மச்சான் ஓயாமல் பேசினார். “லைன், பார்த்துக்கோ. எட்டாம் நம்பர் முறைக்கிறான். டீச்சர், அந்தக் கோச்ச உக்காரச் சொல்லுங்க. மாப்ள, இன்னும் கொஞ்சம் மேல வா. கால்ல என்ன ஆணியா அடிச்சிருக்கு?” வீட்டிலாவது மாடிக்குப் போய்விட்டால் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். இங்கே காதுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. மூச்சு வாங்குவது, எச்சில் விழுங்குவது, தனக்குத் தானே முணுமுணுப்பது எல்லாம் கேட்டது. குமிழைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடலாமா என்றுகூடத் தோன்றியது. மேடையில் இருந்த தொப்பியைப் பார்த்துவிட்டுத் தன்னை அடக்கிக்கொண்டான்.

இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. நீல அணி போட்ட ஒரு கோலை ஆஃப்சைடு என்று கொடி தூக்கிச் சரியாகப் பிடித்தான். கூட்டம் அவன் குலத்தையே திட்டித் தீர்த்தது. டீச்சர் அவன் காதுக்குள், “சரி, சரி, சரி” என்று மூன்று தடவை சொன்னார். தொப்பி குனிந்து எதையோ எழுதியது. கிடைத்துவிட்டது என்றே மாப்பிள்ளை நினைத்தான். மனைவி புதுவீட்டில் ஜன்னலைத் திறந்துவைப்பதை மனசுக்குள் ஒரு தடவை பார்த்தும்விட்டான்.

ஆட்டம் சமனிலேயே முடியப்போகிற நேரத்தில் அந்தச் சனியன் வந்தது. நீல அணியின் முன்வரிசைக்காரன் பந்தோடு பெனால்டி பகுதிக்குள் நுழைந்தான். மஞ்சள் தடுப்பாட்டக்காரன் சறுக்கிக்கொண்டு வந்து பந்தைத் தட்டினான். சுத்தமாகப் பந்தை மட்டும்தான் தட்டினான். முன்வரிசைக்காரன் தன் காலிலேயே தடுக்கி, சுட்டுப் போட்ட மாதிரி அலறிக்கொண்டு விழுந்தான். மச்சான் நின்ற இடத்திலிருந்து தடுப்பாட்டக்காரனின் முதுகுதான் தெரியும். மாப்பிள்ளைக்கு எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. மைதானமே “பெனால்டி!” என்று எழுந்து நின்றது.

“லைன், என்ன? சீக்கிரம்!” மச்சானின் குரல் காதுக்குள் வெடித்தது.

மாப்பிள்ளை பட்டனை அமுக்கினான். ஆடட்டும் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. வந்து, மச்சானின் குரலைக் கேட்டுத் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பதிலாக வீட்டில் வருகிற வார்த்தைதான் வந்தது.

“மச்சான், பெனால்டியா தெரியல…”

அவ்வளவு ஆட்கள் எழுந்து நிற்கும்போது அவருக்கு எதிராக ஒன்றைச் சொல்கிறோமே என்ற பயத்தில், கடைசி எழுத்து வெளியே வருவதற்குள் கட்டைவிரல் பட்டனை விட்டுவிட்டது. ‘ல’ அவன் தொண்டைக்குள் போய்விட்டது. மற்றவர்கள் காதில் விழுந்தது ‘பெனால்டியா தெரிய’ என்பது மட்டும். மச்சான்தான் மிச்சத்துக்குக் காத்திருக்கிற ஆளில்லையே. தெரியுது என்று தானே முடித்துக்கொண்டார். விசில் பறந்தது. கை பெனால்டிப் புள்ளியைக் காட்டியது.

மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தான். அவசரமாகப் பட்டனை அமுக்கி, “மச்சான், இல்ல! மச்சான், ஆடட்டும்! ஆடட்டும்!” என்று கத்தினான். ஒன்றும் போகவில்லை. மச்சானின் கட்டைவிரல் அவர் பட்டனில் அழுந்தியிருந்தது. மஞ்சள் ஆட்டக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு சண்டை பிடிக்க, அவர் நெஞ்சில் கை வைத்தபடி அதட்டிக்கொண்டிருந்தார். “தள்ளு! தள்ளி நில்லு! கேப்டன் மட்டும் பேசு! என் லைன்மேன் பார்த்துச் சொல்லியிருக்காரு, அவரு சொன்னா சொன்னதுதான்!” அத்தனையும் மாப்பிள்ளையின் காதில் கேட்டது. அவன் சொல்வதுதான் யாருக்கும் கேட்கவில்லை.

கொடியை ஆட்டினான். மச்சான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். டீச்சரும் அந்தப் பக்கமிருந்து அவனைக் காட்டிக் கையை வீசினார். பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டார்கள். உதைத்த பிறகு தெய்வமே இறங்கி வந்தாலும் மாற்ற முடியாது. உதைக்கும் வரைக்கும் மாற்றலாம், சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது.

பேசாமல் நின்றால் என்ன ஆகும்? தப்பான பெனால்டி கொடுத்த லைன்மேன் என்று மேடையில் எழுதிக்கொள்வார்கள், வேலை போகும், பச்சை பெயிண்ட் அறையிலேயே தலை நரைக்கும். ஓடிப் போய்ச் சொன்னால்? கூட்டத்துக்கு நடுவில் மச்சானின் மானத்தை வாங்கிவிட்டு, அதே மச்சான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்தப் பக்கம் போனாலும் இடி, அந்தப் பக்கம் போனாலும் இடி. எந்தத் தப்பும் செய்யாத அந்த மஞ்சள் சட்டைப் பையன் புல்லில் மண்டியிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மாப்பிள்ளை அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓடினான்.

துணை நடுவர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடிவருவதைப் பார்த்ததும் கூட்டம் ஒரு கணம் அடங்கியது. மச்சான் திரும்பினார். கட்டைவிரலை அப்போதும் எடுக்கவில்லை.

“என்ன மாப்ள?”

“பெனால்டி குடுக்காதீங்க மச்சான்.”

“நீதானடா சொன்ன!”

“தெரியலன்னு சொன்னேன்.”

“தெரியுதுன்னு சொன்ன. என் காதுல விழுந்துச்சு.”

“கடைசியில ஒரு ‘ல’ இருந்துச்சு மச்சான். அத நான் முழுங்கிட்டேன்.”

“எத?”

“‘ல’வ!”

மச்சான் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “இப்ப மாத்துனா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது? குடுத்தது குடுத்ததுதான். போ, வீட்டுல பேசிக்கலாம்.”

“வீட்டுல பேச முடியாது மச்சான்.” இந்தத் தடவை அவன் எதையும் விழுங்கவில்லை. “வீட்டுல நான் ஒரு தடவகூடப் பேசி முடிச்சது கெடையாது. இங்கயே கேளுங்க. அவன் பந்தத்தான் தட்டுனான். விழுந்தவன் தன் கால் தடுக்கி விழுந்தான். நான் பார்த்தேன். தப்பு நடக்கல.”

மச்சானின் முகம் கறுத்தது. எச்சில் விழுங்குவது மாப்பிள்ளைக்குக் காதுக்குள்ளும் கேட்டது. கைதான் ஓங்குவார் என்று நினைத்தான். மச்சான் சட்டென்று திரும்பி, இரண்டு கைகளையும் குறுக்கே வீசி, பெனால்டி கிடையாது என்று காட்டினார். பந்தைக் கோல்கீப்பர் கையில் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்த உதையிலேயே கடைசி விசிலும் அடித்துவிட்டார். கோப்பை மஞ்சளுக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்காதீர்கள். தண்ணீர்ப் பாட்டில், செருப்பு, கல், யாரோ ஒரு புண்ணியவான் கழற்றி எறிந்த ஒரு நாற்காலிக் கால். நால்வரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு நடுவர் அறைக்குள் ஓடி இரும்புக் கதவைச் சாத்தினார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஒரு பெஞ்சு, ஒரு குழாய். வெளியே கதவை உதைக்கிற சத்தம் நிற்கவே இல்லை. கண்ணாடிக் கடைக்காரர், “கல்லு எறியுறவனுங்க எல்லாம் நாளைக்கு எங்கிட்டதான் கண்ணாடி வாங்க வரணும்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. மச்சான் ஒரு மூலையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். அவிழ்த்து, திரும்பக் கட்டி, மறுபடி அவிழ்த்தார். மாப்பிள்ளையின் பக்கம் திரும்பவே இல்லை.

இனி என்ன, எல்லாம் முடிந்தது என்று மாப்பிள்ளை சுவரில் சாய்ந்தான். வெளியே போகவும் வழியில்லை, உள்ளே அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. காற்று போதவில்லை. வாழ்க்கை முழுக்க இந்த அறைக்குள்தான் இருந்தோமோ என்று அவனுக்குத் தோன்றியது, அழுகை வந்தது, முகத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டான்.

போலீஸ்காரர்கள் கூட்டத்தை ஒதுக்கி வழி பண்ணிக்கொடுத்ததும் மதிப்பீட்டாளர் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்தார்.

“எல்லாம் கேட்டேன்” என்றார். “‘ல’வ முழுங்கினது வரைக்கும் கேட்டேன். பட்டன்ல கைய வெச்சுட்டு எடுக்காததையும் கேட்டேன். ரேடியோல நீங்க ரெண்டு பேரும் பேசுனதுக்கு மார்க்கு போடுறதுன்னா முட்டதான்.”

மாப்பிள்ளை தலை குனிந்தான்.

“ஆனா இத்தன வருஷத்துல நான் இப்படி ஒண்ணப் பார்த்தது கெடையாது சார். ஒரு லைன்மேன், தன் தப்ப எல்லாரு முன்னாடியும் ஒத்துக்கிட்டு உள்ள ஓடி வர்றாரு. ஒரு நடுவரு, மொத்தக் கூட்டமும் கொல்ல வரும்னு தெரிஞ்சும் தன் முடிவ மாத்துறாரு. ரேடியோ கைவிட்டப்பறமும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கைவிடல. சொந்தக்காரங்களாமே? ஒரே வீட்டுல இருக்கீங்களாமே? அதான் விஷயம்! இந்தப் புரிதல் எங்கயும் கத்துக்குடுக்க முடியாது.”

மாப்பிள்ளைக்கு ஏதோ கெட்டது வருகிறது என்று உள்ளுக்குள் தட்டியது.

“பயிற்சி மையத்துக்கு ஒரு ஆளுன்னுதான் சொல்லி அனுப்புனாங்க. நான் ரெண்டு பேருக்கும் எழுதப் போறேன். நடுவர்களுக்கு இவரு, துணை நடுவர்களுக்கு நீங்க. இந்த ஜோடியப் பிரிச்சா பாவம். குவார்ட்டர்ஸ் பெருசுதான், எல்லாரும் தாராளமா இருக்கலாம்.”

“என்ன மையம்?” என்றார் மச்சான். மதிப்பீட்டாளர் விளக்கினார். மாப்பிள்ளை விண்ணப்பம் போட்டதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். மச்சான் எழுந்து வந்தார். இப்போதாவது ஒரு அறை விழும், விழட்டும், அதோடு எல்லாம் அறுந்து போகட்டும் என்று மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டான். அறை விழவில்லை. இரண்டு கைகளும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டன.

“எனக்காகவா மாப்ள இதெல்லாம் பண்ணுன? சொல்லாம வெச்சிருந்து சந்தோஷப்படுத்தலாம்னு பார்த்தியா?” மச்சான் அழுதார். உண்மையாகவே தேம்பி அழுதார். “நீ மட்டும் ஓடி வரலன்னா நான் இன்னிக்கு ஒரு பாவத்தப் பண்ணியிருப்பேன்டா. என்கிட்ட எவனும் இப்படி நேருக்கு நேரா நின்னு பேசுனது கெடையாது. இனிமே உன்ன விட்டுட்டு நான் ஒரு ஆட்டமும் ஊத மாட்டேன். சார், பட்டறைய வாடகைக்கு விட்டுட்டு வந்துர்றேன் சார். எப்ப வரணும்?”

“மச்சான், நாங்க மட்டும்…” என்றான் மாப்பிள்ளை. முகம் அவர் தோளில் அழுந்தியிருந்தது. மிச்சம் வெளியே வரவில்லை. வந்திருந்தாலும், அழுகிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? திட்டினால் எதிர்த்துக் கேட்கலாம். நன்றி சொல்லி அழுகிற மனுஷனை என்ன செய்வது?

டீச்சர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ புரிந்த மாதிரி இருந்தது அவர் முகம். நால்வரின் ரேடியோக்களையும் வாங்கிப் பையில் போட்டார்.

அப்போதுதான் பாக்கெட்டில் போன் அடித்தது. மனைவி. மாப்பிள்ளை மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு எடுத்தான்.

“என்னங்க ஆச்சு? டிவியில ஏதோ கலாட்டான்னு காட்டுனாங்க. அடி ஒண்ணும் படலயே?”

“படல.”

“கெடச்சுதா?”

“கெடச்சுது.”

அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. இப்படி அவள் சிரித்து அவன் கேட்டதே இல்லை. “நெஜமாவா? சத்தியமா? எப்பங்க போறோம்?”

“உங்க அண்ணனும் வர்றாரு” என்றான். “அவருக்கும் அங்கயே வேல. ஒரே வீடு.”

சிரிப்பு நின்றது.

“நீ சொல்லிக்கிறேன்னு சொன்னியே” என்றான் அவன், அவசரமாக, கெஞ்சுகிற மாதிரி. “நீ சொன்னாக் கேப்பாரு. உனக்காகத்தான எல்லாம் பண்றாரு. நான் போன அவருகிட்ட குடுக்கட்டுமா? வேணாம்னு சொல்லிடு. இப்பவே சொல்லிடு.”

கொடுக்க வேண்டியே வரவில்லை. “யாரு, தங்கச்சியா? கொண்டா இங்க” என்று மச்சானே பின்னால் வந்து போனை அவன் காதிலிருந்து எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சத்தமாகப் பேசினார். மாப்பிள்ளை விஷயத்தைச் சொன்னானா என்று கேட்டார். மாப்பிள்ளை தங்கம் என்றார். மாடி ஏறினால் தனக்கு மூட்டு வலிக்கும், அதனால் அங்கே கீழ் அறை தனக்கு என்றார். அடுத்த வாரமே சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிடு என்றார்.

மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டான். மச்சான் மூச்சு வாங்குகிற ஒவ்வொரு இடைவெளியிலும் போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. ஒரு பள்ளிக்கூடச் சிறுமியின் குரல். அது தன் மனைவியுடையது என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“சரிண்ணே.”

“ஆமாண்ணே.”

“சரிண்ணே, கட்டிடுறேன்.”

அவனை அதட்டுகிற குரல் எங்கே போயிற்று என்று அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் வந்து மாட்டிக்கொண்டது நேற்று. அவள் பிறந்ததிலிருந்தே இதற்குள் இருக்கிறாள். வெளியே கூட்டிக்கொண்டு போவான் என்று நினைத்துத்தான் இவனைக் கட்டிக்கொண்டிருப்பாளோ என்னவோ. அந்த நினைப்பு வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

“அவளுக்கு வாயெல்லாம் பல்லு மாப்ள” என்று மச்சான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மதிப்பீட்டாளரோடு பேசப் போனார்.

மாப்பிள்ளை போனைக் காதில் வைத்தான். அவள் இன்னும் வைக்கவில்லை.

“கேட்டீங்களா?” என்றாள்.

“கேட்டேன்” என்றான்.